களவாய் வந்தவையோ, தப்பி வந்தவையோ: என் விறாந்தையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 டிசம்பர் 19ஆம் திகதி முள்ளிவாய்க்கால் கடலுக்கு ஒரு ட்ரோலர் படகு வந்து சேர்ந்தது. அதில் மியன்மாரைச் சேர்ந்த நூறுக்கு மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள், சிறுபிள்ளைகளும் சேர்த்து. அன்றைக்கே என் விறாந்தையில் கதை தொடங்கிவிட்டது. "பாவங்கள்" என்றார்கள் சிலர். "சட்டவிரோதமா வந்தவைதானே" என்றார்கள் வேறு சிலர். இரண்டாவதைச் சொன்னவர்களில் ஒருவருடைய மகனே அவுஸ்திரேலியாவுக்கு வள்ளத்தில் போனவர். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அந்தச் சொல் அத்தனை தரம் எங்கள் காதில் விழுந்துவிட்டது.

நான் சட்டத்தரணி இல்லை. புதுக்குடியிருப்புப் பக்கம் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். மீளக்குடியேறிய நாளிலிருந்து, பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து அனுப்பும் மறுப்புக் கடிதங்களையும் படிவங்களையும் வாசித்துச் சொல்லக் கேட்டு ஆட்கள் என்னிடம் வருகிறார்கள். வந்தவர்கள் கேட்டதை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே எழுதியிருக்கிறேன்.

"அகதி, தஞ்சம் கேக்கிறவர், கள்ளமாய் வந்தவர்: மூண்டும் ஒண்டுதானே ரீச்சர்?"

இல்லை. இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, ஏதோவொரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல் ஆகியவற்றில் ஒன்றுக்காகத் தன்னைத் துன்புறுத்துவார்கள் என்று தகுந்த காரணத்தோடு அஞ்சி, சொந்த நாட்டுக்கு வெளியே நிற்பவர் அகதி. நாடுகள் தங்களுக்குள் செய்த ஒப்பந்தமான 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம் சொல்வது இது. அந்தச் சமவாயத்தில் இருந்த காலம், இடம் என்ற வரம்புகளை 1967ஆம் ஆண்டின் நெறிமுறை (அதற்கு இணையான இன்னொரு ஒப்பந்தம்) எடுத்துவிட்டது. தஞ்சம் கோருபவர் என்றால், "நான் அகதி" என்று சொல்லிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர். "கள்ளமாய் வந்தவர்" என்பது வந்த வழியைப் பற்றிய பேச்சு மட்டும். ஒரே ஆள் மூன்றாகவும் இருக்கலாம்.

அரசாங்கம் கடிதம் கொடுத்த பிறகுதான் ஒருவர் அகதி ஆகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் முன்னமே அகதிதான். கடிதம் அதை ஒப்புக்கொள்கிறது, அவ்வளவுதான். 1990இல் மன்னாரில் பேசாலைப் பக்கம் வள்ளம் ஏறி அக்கரையில், இந்தியாவில், இறங்கியவர்களிடம் ஒரு துண்டுக் கடதாசி இருக்கவில்லை. அவர்கள் அகதிகள் இல்லை என்று இந்த ஊரில் ஆரும் சொல்வார்களா?

"விசா இல்லாமல் போறது குற்றமோ இல்லையோ? ஒரு சொல்லில சொல்லுங்கோ."

ஒரு சொல்லில் முடியாது. சமவாயத்தின் 31ஆம் உறுப்புரையைத் தெரிந்து வைத்திருங்கள். உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்திலிருந்து நேரே வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் தன்னை அறிவித்து, களவாக நுழைந்ததற்குத் தகுந்த காரணமும் காட்டுகிற அகதியை, சட்டவிரோதமாக நுழைந்தார் என்பதற்காகத் தண்டிக்கக் கூடாது. நேரே வருதல், தாமதியாமை, காரணம்: இந்த மூன்றையும் வைத்துத்தான் பின்னால் வரும் சண்டை எல்லாம்.

இதை எழுதியவர்கள் இரண்டாம் உலகப் போரைக் கண்டவர்கள். துரத்துகிற அரசாங்கத்திடமே போய்க் கடவுச்சீட்டுக் கேட்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கும் தெரியும். 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது எத்தனை பேரின் கையில் அடையாள அட்டை இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

"எல்லா நாட்டுக்கும் இந்தச் சட்டம் பொதுவோ?"

கையெழுத்திட்ட நாடுகளுக்குத்தான். இலங்கை, இந்தியா, மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து எதுவும் கையெழுத்திடவில்லை. எங்கள் பிள்ளைகள் முதலில் கால் வைக்கிற இடங்கள் பெரும்பாலும் இவைதான். மலேசியாவின் குடிவரவுச் சட்டப்படி, அனுமதியில்லாமல் நுழைந்தவருக்கு ஐந்து வருஷம் வரை சிறையும் ஆறு பிரம்படி வரையும் கொடுக்கலாம். அகதியோ அல்லவோ என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை.

இந்தியாவிலும் தனி அகதிச் சட்டம் கிடையாது. பொருளாதார நெருக்கடி நேரம், 2022 மார்ச்சில், மன்னார், வவுனியா, யாழ்ப்பாணம் பகுதிகளிலிருந்து முதலில் போய் இறங்கிய பதினாறு பேர் மீது வழக்குத்தான் பதிந்தார்கள். பிறகு வந்தவர்களை மண்டபம் முகாமில் வைத்தார்கள். உரிமை என்று எழுதப்படாத இடத்தில் அன்றன்றைய அரசாங்கத்தின் மனம்தான் சட்டம்.

"லண்டனில இப்ப வள்ளத்தில வந்தாலே நாலு வருஷம் மறியலாமே?"

சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. முந்தி அங்கே குற்றம் என்றிருந்தது அனுமதியின்றி "நுழைவது". கடலில் மீட்டுக் கரைக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கேயே தஞ்சம் கேட்பவர் சட்டத்தின் கண்ணில் இன்னும் நுழையவில்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் சில தண்டனைகளை நீக்கியது. அரசாங்கம் சொல்லையே மாற்றியது. 2022ஆம் ஆண்டின் தேசியம் மற்றும் எல்லைகள் சட்டம், முன் அனுமதியில்லாமல் "வந்து சேர்வதையே" குற்றமாக்கிவிட்டது. அது 2022 ஜூன் 28இல் நடைமுறைக்கு வந்தது; உச்சத் தண்டனை நான்கு வருஷம்.

வருகிற எல்லோர் மீதும் வழக்குப் போடுகிறார்கள் என்று பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் வழக்கு விழுவது படகின் சுக்கானைப் பிடித்தவர் மீதும், முந்தி நாடுகடத்தப்பட்டுத் திரும்ப வந்தவர் மீதும். சுக்கான் பிடிப்பவர் பல தரம் காசு குறைத்துத் தருவதாகச் சொல்லி ஏற்றப்பட்ட இன்னொரு அகதி. பிள்ளையிடம் கதைக்கும்போது இதைச் சொல்லி வையுங்கள்.

"அவுஸ்திரேலியாவில வழக்கே போடேல்லை. பிறகேன் வருஷக்கணக்கா அடைச்சு வைச்சவங்கள்?"

எனக்கு நெஞ்சு வலிக்கிற கேள்வி இதுதான். அங்கே விசா இல்லாமல் வள்ளத்தில் வருவது பயணிக்குக் குற்றமே இல்லை. அதனால் வழக்கில்லை, நீதவான் இல்லை, தண்டனைக் காலமும் இல்லை. களவெடுத்தவனுக்குக்கூட வெளியே வரும் திகதி தெரியும். இவர்களுக்கு அது தெரியாது. 1992 முதல் கட்டாயத் தடுத்துவைப்பு இருக்கிறது. திருப்பி அனுப்ப வழியில்லாதவரையும் எல்லையின்றி அடைத்து வைக்கலாம் என்று அந்த நாட்டு உயர் நீதிமன்றம் 2004இல் சொன்னது. அந்தத் தீர்ப்பை அதே நீதிமன்றம் மாற்ற 2023 நவம்பர் ஆகிவிட்டது.

2013 ஜூலை 19இல் பிரதமர் கெவின் ரட், இனி வள்ளத்தில் வரும் ஒருவருக்கும் அவுஸ்திரேலியாவில் குடியேற இடமில்லை என்று அறிவித்தார். ஆட்களை நவுறுவுக்கும் பப்புவா நியூகினியின் மனுஸ் தீவுக்கும் அனுப்பினார்கள். மனுஸ் முகாமில் அடைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று பப்புவா நியூகினி உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்த்தது. 2014 ஜூலையில் 41 பேரை நடுக்கடலில் வைத்தே விசாரித்து, மட்டக்களப்புக்கு அப்பால் இலங்கைக் கடற்படையிடம் கையளித்தார்கள். புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட இன்னொரு படகின் 157 பேரைக் கிட்டத்தட்ட ஒரு மாதம் கப்பலிலேயே வைத்திருந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள்.

என் பெறாமகன் 2012இல் போனவன். தற்காலிக விசா கிடைத்தவர்களுக்கு 2023 பெப்ரவரியில் நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்களுக்குத் திறக்கவில்லை. அவன் இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறான். வேலை செய்கிறான், வரி கட்டுகிறான். என் தங்கையின் செத்தவீட்டை அவன் போனில்தான் பார்த்தான்.

"டியாகோ கார்சியாவில கிடந்த சனத்துக்கு என்ன நடந்தது?"

2021 அக்டோபரில் தென்னிந்தியாவிலிருந்து கனடாவுக்குப் போக வெளிக்கிட்ட தமிழர்களின் படகு பழுதாகி, பிரித்தானியா ஆண்ட அந்தத் தீவில் கரையேறியது. வேலி போட்ட கூடாரங்களில் மூன்று வருஷம் இருந்தார்கள். 2024 டிசம்பரில் பெரும்பாலானவர்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அதே மாதம் அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றம், அவர்களைத் தடுத்து வைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. "சட்டவிரோதமாக வந்தவர்கள்" என்று மட்டும் கேள்விப்பட்டவர்களுக்கு இந்தத் தீர்ப்பையும் சொல்லுங்கள்.

"முறையா விசா எடுத்து, வரிசையில நிண்டு போகலாம்தானே?"

எந்த வரிசை? தஞ்சம் கேட்கப் போகிறேன் என்று சொன்னால் விசா தருகிற தூதரகம் கொழும்பில் ஒன்றும் இல்லை. ஒரு கதவு இருந்தது. சுவிஸ் தூதரகத்தில் இங்கிருந்தே தஞ்ச விண்ணப்பம் கொடுக்கலாம். எங்கள் ஆட்கள் கொடுத்தார்கள், சிலர் அந்த வழியால் போய்ச் சேர்ந்தார்கள். 2012 செப்டெம்பரில் சுவிஸ் அந்த வழியை மூடியது. அடுத்த வருஷம் மக்கள் வாக்கெடுப்பிலும் அது உறுதியானது.

மற்றக் கதவுகள் அதற்கு முன்னமே எங்களை நினைத்து மூடப்பட்டவை. 1985இல் பிரித்தானியா இலங்கையருக்கு விசா கட்டாயம் என்றது. பொதுநலவாய நாடொன்றுக்கு அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் இறங்கிய ஐம்பதுக்கு மேற்பட்ட தமிழர், திருப்பி அனுப்பப்படாமல் இருக்க உடுப்பைக் களைந்து நின்றார்கள். அதே வருஷம், சரியான கடதாசி இல்லாத ஒவ்வொரு பயணிக்கும் ஆயிரம் பவுண் தண்டம் என்று விமானக் கம்பனிகளுக்குச் சட்டம் வந்தது. அன்று முதல் கவுண்டரில் நிற்கிற பெட்டையே எல்லைக் காவலர் ஆகிவிட்டாள். முதலில் முறையான வழியை அடைக்கிறார்கள், பிறகு ஏன் முறையாக வரவில்லை என்று கேட்டுத் தண்டிக்கிறார்கள்.

"போற வழியில எத்தினை நாடு. அங்க நிண்டிருக்கலாமே?"

31ஆம் உறுப்புரையில் "நேரே" என்று ஒரு சொல் இருக்கிறது என்றேன் அல்லவா? இந்தக் கேள்வி அதிலிருந்து வருவது. வழியில் சில நாள் தங்கியதால் மட்டும் பாதுகாப்புப் போய்விடாது, எங்கே தஞ்சம் கேட்பது என்பதில் அகதிக்குச் சிறிது தெரிவு உண்டு என்று இங்கிலாந்து நீதிமன்றமே 1999இல் அடிமி வழக்கில் சொன்னது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விளக்கத்தைச் சுருக்கிவிட்டது.

இந்தோனேசியாவிலோ மலேசியாவிலோ நின்றால் என்ன சட்டம் என்று மேலே பார்த்தோம். 2022 நவம்பரில் மூழ்கப் போன கப்பலில் இருந்து 303 இலங்கையரை யப்பான் கப்பல் மீட்டு வியட்நாமில் இறக்கியது. வியட்நாமும் சமவாயத்தில் இல்லாத நாடு. அங்கே நிற்பது பாதுகாப்பா என்று, திரும்பிப் போகமாட்டோம் என்று அழுத அந்தத் தாய்மாரிடம்தான் கேட்க வேண்டும்.

"கள்ளப் பாஸ்போட்டில போனவன்ர கேஸ் நிக்குமோ?"

நிற்கும். கனடாவில் தஞ்ச விண்ணப்பம் முடியும்வரை, வந்து சேர்ந்த வழி தொடர்பான ஆவணக் குற்றத்துக்கு வழக்குப் போட முடியாது. இங்கிலாந்தில் 1999ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் தஞ்சச் சட்டத்தின் 31ஆம் பிரிவு கள்ள ஆவணக் குற்றங்களுக்கு எதிர்வாதம் தருகிறது. (சமவாயத்திலும் 31, இதிலும் 31, குழம்ப வேண்டாம்.) ஆனால் மேலே சொன்ன "வந்து சேர்தல்" குற்றத்துக்கு அந்த எதிர்வாதம் செல்லாது.

இறங்கியவுடன் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கடவுச்சீட்டை விமானக் கழிப்பறையில் கிழித்துப் போடச் சொல்லும் ஏஜென்சிக்காரன் அதனால் வரும் இடைஞ்சலைச் சொல்லமாட்டான். அப்படிச் செய்ததை நம்பகத்தன்மைக்கு எதிராக எழுதிய மறுப்புக் கடிதங்களை நான் வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

"ஏஜென்சிக்காரனையாவது பிடிக்கட்டும், அது நல்லதுதானே?"

காணி உறுதியை வாங்கி வைத்துக்கொண்டு, ஓட்டைப் படகில் பிள்ளைகளை ஏற்றியவனை நானும் மன்னிக்கமாட்டேன். பிடிக்கட்டும். ஆனால் வலை எவ்வளவு அகலம் என்று பாருங்கள். காசு வாங்கி எல்லை கடத்திவிடுவதும், ஏமாற்றியோ வற்புறுத்தியோ ஆட்களைச் சுரண்டுவதும் இரண்டு வேறு குற்றங்கள். செய்திகளில் இரண்டும் "ஆட்கடத்தல்" என்ற ஒரே சொல்லுக்குள் விழுந்துவிடுகின்றன. கடத்திவிடுதலுக்கு எதிராக ஐ.நா. 2000ஆம் ஆண்டு செய்த நெறிமுறை, லாபத்துக்குச் செய்பவரைத்தான் குற்றவாளி என்கிறது. கடத்தப்பட்டவரை அந்தக் காரணத்துக்காக வழக்குக்கு உட்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது.

2009 அக்டோபரில் ஓஷன் லேடி என்ற கப்பலில் எங்கள் ஆட்கள் 76 பேரும், 2010 ஓகஸ்டில் சன் சீ என்ற கப்பலில் 492 பேரும் கனடாவுக்குப் போனார்கள். அவர்களை வந்த உடனேயே அடைத்தார்கள். ஓஷன் லேடியில் வந்த நால்வர் மீது ஆட்களைக் கொண்டுவந்த குற்றம் சாட்டினார்கள். 2015 நவம்பரில் கனடா உச்ச நீதிமன்றம், மனிதாபிமான உதவியையும், அகதிகள் ஒருவருக்கொருவர் செய்த உதவியையும், குடும்பத்துக்குச் செய்த உதவியையும் குற்றமாக்கும் அளவுக்கு அந்தச் சட்டம் அகலமானது என்று தீர்த்தது. கப்பலில் சோறு சமைத்தவரும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவரும் ஏஜென்சி ஆகிவிடமாட்டார்கள். 2017இல் அந்த நால்வரும் விடுதலையானார்கள்.

"முள்ளிவாய்க்காலுக்கு வந்த சனத்தை ஏன் அடைச்சவை?"

ரோஹிங்கியாக்களுக்கு 1982ஆம் ஆண்டின் சட்டம் சொந்த நாட்டிலேயே குடியுரிமை இல்லாமல் செய்துவிட்டது. 2017இல் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பங்களாதேசுக்கு ஓடினார்கள். கடவுச்சீட்டே கொடுக்கப்படாத மக்களிடம் விசா எங்கே என்று கேட்பது எப்படி? கடற்படை அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோனது. பன்னிரண்டு பேரைப் படகு ஓட்டியவர்கள் என்று விளக்கமறியலில் வைத்தார்கள். மற்றவர்களைக் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். படையினர் பிடித்து வைத்த தங்கள் காணிக்காக வருஷக்கணக்கில் வீதியில் இருந்து போராடிய மக்களின் கேப்பாப்பிலவுதான். அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று முல்லைத்தீவில் எங்கள் சனம் போராட்டம் செய்தது.

இலங்கை அகதிகள் சமவாயத்தில் இல்லை என்பது உண்மை. ஆனால் 1994இல் சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தில் சேர்ந்தது. சித்திரவதை காத்திருக்கும் நாட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அதன் 3ஆம் உறுப்புரை சொல்கிறது. குடியுரிமை இல்லாத மக்களின் கதை எங்களுக்குப் புதிதும் இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்!

"அதுக்குள்ள உண்மையா குற்றம் செய்தவன் இருந்தால்?"

போர்க்குற்றம், மானிடத்துக்கு எதிரான குற்றம், அரசியல் சாராத பாரதூரமான குற்றம் செய்தவர்களைச் சமவாயமே விலக்குகிறது. அதை ஒவ்வொருவராக விசாரித்துத்தான் கண்டுபிடிக்க முடியும். படகோடு சேர்த்து எல்லோரையும் அடைப்பது அந்த விசாரணைக்கு ஈடாகாது.

"திருப்பி அனுப்பினால் கட்டுநாயக்காவில என்ன செய்வாங்கள்?"

1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட துறைமுகம் அல்லது விமான நிலையம் வழியாக அல்லாமல் நாட்டை விட்டுப் போவது குற்றம். ஐந்து வருஷம் வரை சிறையும் இரண்டு லட்சம் ரூபா வரை தண்டமும் விதிக்கலாம். நடைமுறையில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்து, நீர்கொழும்பு நீதவானிடம் நிறுத்துவார்கள். வெறும் பயணிக்குப் பொதுவாகத் தண்டப்பணம்தான். பிணைக்குக் குடும்பத்தவர் போக நேரும், ஆகவே ஒருவர் ஆயத்தமாக இருங்கள். ஏற்பாடு செய்தவர் என்று சந்தேகப்பட்டால் நிலைமை வேறு.

தண்டத்தைவிட அலைச்சல் பெரிது. முல்லைத்தீவிலிருந்து ஒவ்வொரு தவணைக்கும் நீர்கொழும்புக்குப் பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போகும், ஒரு இரவு போகும். எந்த நாட்டையும், தன் சொந்த நாட்டையும் விட்டுப் போக எவருக்கும் உரிமை உண்டு என்று சொல்லும் குடியியல் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் இலங்கை 1980இலேயே சேர்ந்துவிட்டது. புறப்பட்டதற்கு இங்கே ஒரு வழக்கு, போய்ச் சேர்ந்ததற்கு அங்கே ஒரு வழக்கு என்று ஒரே பயணத்துக்கு இரண்டு தரம் தண்டிக்கப்பட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

"எங்கட ஐயா 1990இல வள்ளத்தில இந்தியா போனவர். சாகிறதுக்கு முதல் ஊருக்கு வரவேணும் எண்டுறார். பிடிப்பாங்களோ?"

இல்லை என்று உறுதி சொல்ல எனக்கு ஆசை. 2025 மே மாதம், தமிழ்நாட்டு முகாமிலிருந்து ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் உதவியோடு திரும்பிய முதியவர் ஒருவரை, அந்த நாளில் சட்டவிரோதமாக நாட்டை விட்டுப் போனார் என்று பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். முந்தைய பதிலில் சொன்ன அதே சட்டம்தான். குண்டுக்குத் தப்பி ஓடிய இரவில் எந்தத் துறைமுகத்தில் முத்திரை குத்துவது என்று தமிழ்க் கட்சிகள் எதிர்த்தன. கைது தவறு என்று பேச்சு எழுந்தாலும், சட்டத்தின் வாசகம் அப்படியே இருந்தால் ஒவ்வொரு ஐயாவும் அதிகாரியின் மனத்தைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

வரட்டும். தனியாக மட்டும் வரவேண்டாம். முகாம் பதிவு அட்டை, இந்திய வெளியேற்ற அனுமதி, பிறப்புச் சான்றிதழ், கிராம அலுவலரின் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை முன்கூட்டியே இங்கே அனுப்பச் சொல்லுங்கள். விமானம் இறங்கும் நாளன்று ஒரு சட்டத்தரணியும், பிணைக்கு நிற்கக்கூடிய உறவினர் இருவரும் வாசலில் நிற்கட்டும். கடிதம் எழுத வேண்டுமென்றால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வாங்கோ, வீட்டில்தான் இருப்பேன்.